செருப்பு கழன்றது தெரியவில்லையா?

“செருப்பு கழண்டு போனதே தெரியல டாக்டர். பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு. தினம் வெந்நீர் ஒத்தடம் குடுக்குறேன்.” தஞ்சைப் பக்கம் சர்க்கரை நோயாளிகள் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆபத்தே அந்த ஒத்தடம்தான்!

சர்க்கரை கட்டுப்படாவிட்டால் நாளடைவில் நரம்பு கெடும். உடலின் மிக நீளமான நரம்புகள் போய்ச் சேருமிடம் பாதம். அதனால் முதலில் மரத்துப் போவதும் அதுதான். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபிறகே தெரியும். ஒத்தடம் எங்கள் சித்த வைத்திய முறைதான். ஆனாலும் மரத்த காலுக்கு வேண்டாம் என்கிறேன்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு வலி தெரியாததே முக்கியக் காரணம் என்று காட்டினார். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே பாடம்தான்.

பாதத்தில் புண் இல்லையென்றால் தினமும் செய்யுங்கள்:

1. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி இறக்குங்கள். 10 முறை.

2. கணுக்காலை இருபுறமும் சுழற்றுங்கள்.

3. கனமான மேஜையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நின்று, மெல்ல இறக்குங்கள். 10 முறை.

இதனால் கால் பலப்படும், தடுமாற்றம் குறையும். போன உணர்ச்சி முழுதும் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். தடுமாற்றம் அதிகமென்றால் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

வயல் வரப்பில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பெரிய கோயிலுக்குக் கல்தரை சுடுமுன் காலையிலேயே போய்வாருங்கள். மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு நல்லது.

மாத்திரை, இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை மட்டும் நம்பவேண்டாம். ராத்திரி படுக்குமுன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சின்னப் புண் தெரிந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்!