மாமையும் பசலையும்

மகளிர் மேனியெழிலைச் சங்கச் சான்றோர் ‘மாமை’ என்றனர். மாந்தளிரையொத்த கருமை கலந்த நிறம் அது என்பர். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி வெளிறுதலோ ‘பசலை’ எனப்படும். பீர்க்கம்பூப் போன்ற அந்நிறத்தைப் புலவர் நோயாகவே கொண்டனர். தன் மாமைக் கவினைப் பசலை உண்ணக் கருதுகின்றதே என இரங்குகின்றார், குறுந்தொகையில் வெள்ளிவீதியார்.

இன்றோ முறை தலைகீழாயிற்று. 1975இல் இந்தியாவில் ‘ஃபெயர் அன்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. வெளுத்தால் வேலையும் மணமும் வாய்க்கும் என்பதே அதன் விளம்பரங்கள் நெடுங்காலம் புகட்டிய பாடம். அமெரிக்கக் கறுப்பினத்தவர்க்காக எழுந்த கிளர்ச்சி உலகெங்கும் பரவிய 2020இல் அப்பெயர் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாறிற்று, எண்ணம் மாறிற்றில்லை. தமிழ்த் திரையிற் கரிய நாயகர் கொடிகட்டிப் பறக்கின்றனர். நாயகியரோ பெரும்பாலும் வெண்ணிறத்தவராகவே தேடப்படுகின்றனர்.

திரையைப் பழித்து அமைதல் போதுமோ? பள்ளி மேடைகளில் வெளுத்த பிள்ளைக்கு இராமன் வேடமும் கறுத்த பிள்ளைக்கு அரக்கன் வேடமும் ஈதல் பலவிடத்துங் காணும் வழக்கம். கம்பன் காட்டும் இராமனோ கரியவன்! நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் கடலிலும் வெயிலிலும் உழைப்போரின் பிள்ளைகள், தம் நிறம் இகழ்ச்சிக்குரியதென்று கற்கும் இடமாக நம் வகுப்பறை ஆதல் கூடாது. வேடம் பகிரும் ஆசிரியர் குரலையும் நடிப்பையுமே நோக்குக. மாணவர் ‘மாமை’ என்னுஞ் சொல்லை மறவாதிருக்க.