கடின நீரும் மென்னீரும்

மூணாறு மலைச்சரிவில் அமைந்துள்ளது சித்திரபுரம். அதனை அடுத்த பள்ளிவாசலில், கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. இம்மலையின் ஓடை நீரில் சோப்பு எளிதில் நுரைக்கும். வடமேற்கே பாலக்காட்டுச் சமவெளியின் கிழக்குப் பகுதிக் கிணறுகள் பலவற்றிலோ நுரை எழுவது அரிது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. மலையில் மழை மிகுதி. பாறையோ எளிதில் கரையாத கருங்கல் இனம். எனவே, நீர் உப்புகளை அதிகம் ஏற்காமல் விரைந்து ஓடிவிடுகிறது. வாளையாறு போன்ற இடங்களில் சுண்ணாம்புக்கல் உண்டு; மழையும் குறைவு. அங்கு நிலத்தடியில் நெடுநாள் தங்கும் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சேர்கின்றன. இதுவே கடின நீர்.

கடினத்தன்மை இருவகைப்படும். பைகார்பனேட்டுகளால் விளைவது தற்காலிகமானது. கொதிக்க வைத்தால் அது நீங்கும். பாத்திரத்தின் அடியில் படியும் வெண்பொருக்கே அதற்குச் சான்று. சல்பேட்டு, குளோரைடு ஆகியவற்றால் விளைவது நிலையானது. இதனைக் கொதிக்கவைத்து நீக்க முயல்வது விறகை வீணாக்குவதேயாகும்.

இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 20 லிட்டர் நீரில், நுரை தோன்றுமுன்பே சுமார் 36 கிராம் சோப்பு கரையாத திரையாக மாறிவிடும். அதே நீரைத் துணி துவைப்பதற்கு மென்மையாக்க ஏறத்தாழ 17 கிராம் சலவைச் சோடாப் படிகம் போதும். ஆனால், இந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தலாகாது.

தற்காலிகக் கடினத்தன்மையை நீற்றிய சுண்ணாம்பைக் கொண்டே நீக்கும் முறையை 1841-இல் தாமஸ் கிளார்க் வகுத்தார். அளவு மிகுந்தால் சுண்ணாம்பே மீண்டும் கடினத்தன்மையைத் தரும். தொழிற்சாலைக் கொதிகலன்களில் படியும் பொருக்கு வெப்பத்தைத் தடுத்து எரிபொருளை விழுங்குவதால், அங்கு அயனிப் பரிமாற்ற முறை கையாளப்படுகிறது.

கடின நீர் நஞ்சன்று. இந்தியத் தர நிர்ணயம் (2012) குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் இல்லாவிடில் 600 வரை அனுமதிக்கலாமென்றும் கூறுகிறது. மென்னீரிலும் குறை உண்டு; அமிலத்தன்மை மிகுந்தால் அது உலோகக் குழாய்களை அரிக்கும். ஆகவே, ஊர்க் கிணற்று நீரைச் சோதித்து, குடிப்பதற்கு எது, துவைப்பதற்கு எது எனப் பிரித்தறிவதே சிக்கனத்திற்கும் நலத்திற்கும் வழியாகும்.