நடுக்குவாதக்காரர் திடீரென்று பிதற்றுகிறாரா?

கை நடுங்கும், நடை தளரும், உடம்பு விறைக்கும். இதை நடுக்குவாதம் என்கிறோம். 1817-ல் இதை விவரித்து எழுதிய லண்டன் டாக்டரின் பெயரால் ஆங்கில மருத்துவத்தில் பார்க்கின்சன் நோய். ஆண்டுகள் போகப் போக, பலருக்கு ஞாபகமும் மெல்ல மங்கும்.

ஆனால், நேற்று வரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர், இன்று சொந்த வீடே தெரியாமல் பிதற்றினால்? "அப்பாருக்கு வயசாயிடுச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று நம் கோவைப் பக்கம் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து! ஓரிரு நாளில் வரும் குழப்பம் வயதின் வேலை அல்ல. பல சமயம் உள்ளே கிருமித் தொற்று இருக்கும்.

இவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது. தேங்கிய நீரில் கிருமி பெருகும். விழுங்கச் சிரமப்படுவதால் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழலில் இறங்கி, நிமோனியா வரும். காய்ச்சலோடு வரும் பிதற்றலை நம் முன்னோர் 'ஜன்னி' என்றார்கள். முதியவர்களுக்கோ காய்ச்சலே தெரியாமல், குழப்பம் மட்டும் முதலில் வரலாம். தொற்று தீர்ந்த பிறகும் சிலருக்குப் பழைய தெளிவு முழுசாகத் திரும்புவதில்லை. அதனால்தான் அவசரம்.

கிருமி மூளையில் தழும்பு விடுவது புதிதல்ல. 1916-க்குப் பின் உலகெங்கும் பரவிய 'தூக்க மூளைக்காய்ச்சலில்' பிழைத்த பலருக்குப் பின்னாளில் நடுக்குவாதம் வந்தது. 1955-ல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலும், பிழைத்தவர்கள் சிலருக்கு விறைப்பையும் அறிவு மந்தத்தையும் விட்டுச் செல்கிறது. அதற்காகச் சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் பயப்படாதீர்கள்.

என்ன செய்யலாம்?

* அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர், ரத்தம், தேவைப்பட்டால் நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பார்.
* நடுக்குவாதம் இருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு விறைப்பை அதிகமாக்கும்.
* பார்க்கின்சன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாக ஊட்டுங்கள்.

இன்னொன்று. பூனைக்காலி விதையிலிருந்து 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற விஞ்ஞானிகள் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சன் மாத்திரையிலும் இருப்பது அதே லெவோடோபாதான். எனவே மாத்திரையோடு பூனைக்காலிச் சூரணத்தையும் இஷ்டத்துக்குச் சேர்த்தால் அளவு மிஞ்சும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: இரண்டு வைத்தியரிடமும் எதையும் மறைக்காதீர்கள்.