கன்று நடும் முன் களைய வேண்டியவை
நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னைப் புறநகர் மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் பல ஆண்டுகள் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கும். ஒருநாள் குடியிருப்போர் சங்கம் கூடி, ‘இங்கே பழத்தோட்டம் போடுவோம்’ என்று முடிவெடுக்கும். நல்ல முடிவுதான். ஆனால் அதே கூட்டத்தில் ஆளாளுக்கு அடித்துச் சொல்லும் சில செய்திகளை நம்பி இறங்கினால், கன்றுகள் மூன்றாவது கோடையைத் தாண்டுவது கடினம்.

நம்பிக்கை: பூங்கா இடம் நம்முடையது, யாரைக் கேட்க வேண்டும்?

உண்மை: பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று சொல்வது இதைத்தான். மனை விற்றவருக்கோ மனை வாங்கியவர்களுக்கோ அதில் உரிமை கிடையாது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து, வேலி யார் செலவு, விளைவது யாருக்கு என்ற மூன்றும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால், மரம் காய்க்கத் தொடங்கும் நேரத்தில் அங்கே வேறொரு கட்டடத்துக்குத் திட்டம் வந்தால் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நம்பிக்கை: நெருக்கி நட்டால் நிறையக் காய்க்கும். மியாவாக்கி முறையே அதுதானே!

உண்மை: ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்தது காடு வளர்க்கும் முறை. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கினால், அவை வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு விறுவிறுவென உயரும். காட்டுக்கு அது சரி. பழமரத்துக்கோ பக்கக் கிளைகளில் வெயில் விழ வேண்டும், காய் கைக்கெட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். பழைய வழக்கப்படி பத்து மீட்டர் இடைவெளி விட்டால் அதில் இரண்டே மா மரங்கள். ஐந்து மீட்டரில் நட்டு ஆண்டுதோறும் கவாத்து செய்தால் எட்டு. ஆறு மீட்டர் இடைவெளியில் கொய்யா ஆறு. மா விரியும் வரை நடுவில் கிடக்கும் இடத்தை வீணாக்க வேண்டாம். வாழையும் பப்பாளியும் ஓரிரு ஆண்டுக்குள் பலன் கொடுத்து, மா வளர்ந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும்.

நம்பிக்கை: கொட்டை போட்டு வளர்த்த மாதான் மா, ஒட்டுக்கன்று நிலைக்காது.

உண்மை: விதைமரம் உயரமாக வளரும், நெடுநாள் வாழும் என்பதில் தவறில்லை. ஆனால் பங்கனபள்ளிக் கொட்டையிலிருந்து பங்கனபள்ளிதான் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காய்ப்பதற்கும் ஆறேழு ஆண்டுக்கு மேல் ஆகலாம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், தாய்மரத்தின் ருசியும் மாறாது. ஒட்டுக்கன்று கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நட்டவர்களே. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குள் புதையக் கூடாது. அதற்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை உடனுக்குடன் கிள்ள வேண்டும். விட்டால் வேர்ச்செடி ஓங்கி, நல்ல ரகம் மடிந்துபோகும். முதல் ஓரிரு ஆண்டு வரும் பூங்கொத்தையும் மனம் கேட்காவிட்டாலும் கிள்ளிவிடுவதே நல்லது.

நம்பிக்கை: வகைக்கு ஒரு கன்று போதும்.

உண்மை: மாவுக்கும் கொய்யாவுக்கும் பொதுவாகப் போதும். நெல்லிக்குப் போதாது, தன் மகரந்தத்தால் அது சரியாகக் காய் பிடிக்காது, வேறு ரக நெல்லி ஒன்று பக்கத்தில் வேண்டும். நாட்டுப் பப்பாளியில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. அதனால்தான் குழிக்கு மூன்று நான்கு நாற்று நட்டு, பூத்த பிறகு பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்று வைத்து மற்றதைப் பிடுங்குகிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 போன்ற ரகங்களில் தனி ஆண் மரம் வராததால் இந்தத் தொல்லை இல்லை.

நம்பிக்கை: முருங்கை குடியிருக்கும் இடத்துக்கு ஆகாது.

உண்மை: வேதாளத்துக்குப் பயப்பட வேண்டாம், கிளைக்குப் பயப்படலாம். முருங்கைக் கிளை காற்றுக்குச் சடக்கென்று முறியும். அடிமரத்தில் கூட்டமாக அடையும் கம்பளிப்பூச்சி பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். எனவே விளையாடும் இடத்தையும் மின்கம்பியையும் விட்டு விலக்கி, ஓரமாக வையுங்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

நம்பிக்கை: ஐப்பசி மழையில் நட்டுவிட்டால் மரம் தானே பிழைத்துக்கொள்ளும்.

உண்மை: மழை வேர் பிடிக்க உதவும், அவ்வளவுதான். கன்றைக் கொல்வது அடுத்து வரும் சித்திரை, வைகாசி. முதல் மூன்று கோடையும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அதையும் தண்டின்மேல் ஊற்றினால் அடி அழுகும். தண்டைச் சுற்றி மண் அணைத்து, கிளை விரிந்திருக்கும் அளவுக்கு வெளியே வட்டப்பாத்தி எடுத்து, சருகால் மூடாக்குப் போடுங்கள். மழைநீர் தேங்கும் பள்ளத்தில் பப்பாளி வேண்டாம். ஓரிரு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். கடலோரத்தில் போர் தண்ணீரை முதலில் சோதியுங்கள். உப்பு நீரை எலுமிச்சை தாங்காது, சப்போட்டா ஓரளவு தாங்கும்.

நம்பிக்கை: பழமரம் வைத்தால் திருட்டும் சண்டையும்தான் மிச்சம்.

உண்மை: எப்போது பறிப்பது, யாருக்கு எவ்வளவு என்று பேசி வைக்காத தோட்டத்தில்தான் பிஞ்சிலேயே கல் விழும். பறிக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்து, துறட்டியோடு நாலு பேர் நின்று எடைபோட்டுப் பிரித்துக் கொடுங்கள். தெருக் குழந்தைகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அழுகும் மா, கொய்யாவிலிருந்து பழ ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த காய்ப்பைக் கெடுக்க வரும்.

இத்தனையிலும் நடுவிழா ஒரு காலைப்பொழுது வேலை. மீதியெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆள் கேட்கும் வேலை. ஆகவே சங்கக் கூட்டத்தில் என்ன மரம் என்று பேசத் தொடங்குமுன், ஏப்ரல், மே மாதங்களில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற யார் யார் வருவார்கள் என்று கேட்டுப் பெயர் எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு கன்று என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.