காபித் தோட்டம் காண வருகிறார்கள்: கோஸ்டாரிகா தரும் பாடம்



கண்டுணர் சுற்றுலா நமக்குப் புதிதல்ல. வேறொரு ஊர்க் குழு என்ன தொழில் செய்கிறது என்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். இப்படி ஊரையும் தொழிலையும் சுற்றிக் காட்டுவதையே பெரிய வருமானமாக ஆக்கிக்கொண்ட ஒரு சின்ன நாடு இருக்கிறது. அதுதான் கோஸ்டாரிகா. அங்கே விளைவது காபி. அந்தக் காபித் தோட்டத்தைப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலும் இருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் போகிறார்கள்.

"நாம எங்கேங்க விமானம் ஏறப் போறோம்? இது நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் காசு யார் கையில் போய்ச் சேருகிறது என்பது எந்த நாட்டுக்கும் பொதுவான கேள்வி. அதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம்.

நாட்டைத் தெரிந்துகொள்வோம்

அமெரிக்கக் கண்டத்தின் நடுவில், வடக்கே நிகராகுவா, தெற்கே பனாமா என்ற இரண்டு நாடுகளுக்கு இடையில் இருக்கிறது கோஸ்டாரிகா. பரப்பு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பாதிகூட வராது. மக்கள் தொகை 50 லட்சத்தை ஒட்டி. பேசும் மொழி ஸ்பானிஷ். தலைநகரம் சான் ஹோசே. 1948-இல் இராணுவமே வேண்டாம் என்று கலைத்துவிட்ட நாடு இது.

1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை கிடைத்தது. அதன் பிறகு காபி பயிரிடச் சொல்லி அரசாங்கமே மக்களுக்குக் கன்று கொடுத்தது. காபியை அங்கே 'தங்க மணி' என்று சொல்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் நாட்டைத் தாங்கியது அந்த மணிதான். 1990-களில் சுற்றுலா வருமானம் காபியையும் வாழைப்பழத்தையும் தாண்டிவிட்டது. இப்போது காபி விற்கும் பொருளாகவும் இருக்கிறது, காட்டும் பொருளாகவும் இருக்கிறது.

பார்க்காமல் வரைந்த படம்

முதல் தடவை போகிறவர்களைப் பெரும்பாலும் தலைநகரில் உள்ள தேசிய நாடக அரங்குக்குக் கூட்டிப் போவார்கள். 1897-இல் திறந்த கட்டடம். காபி ஏற்றுமதி மேல் போட்ட வரியில் தொடங்கிய வேலை. உள்ளே மேல்கூரையில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. காபி அறுவடையும் வாழைத்தார் ஏற்றுமதியும் அதில் வரைந்திருக்கிறது. வரைந்தவர் அலெயார்தோ வில்லா என்ற இத்தாலி நாட்டு ஓவியர்.

படத்தைப் பார்த்தால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். ஏன் தெரியுமா? காபி குளிர்ந்த மலைச்சரிவில் விளைவது. படத்தில் கடற்கரை ஓரமாகக் காபி பறிக்கிறார்கள். வாழைத்தாரைச் சுமப்பவர் அதைப் பிடித்திருக்கும் விதமும் தப்பு. தார் சுமந்த யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். ஓவியர் அந்த நாட்டுக்குப் போகாமலே வரைந்த படம் அது.

நல்ல வழிகாட்டி இந்தப் படத்தின் கீழே குழுவை நிறுத்தி இதையெல்லாம் விளக்குவார். அந்த மண்ணில் வேலை செய்தவர் சொன்னால்தான் அந்த மண்ணின் விஷயம் சரியாக வரும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

குழுவாகப் போனால் என்னென்ன பார்க்கலாம்?

பத்துப் பன்னிரண்டு பேர் முதல் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வரை ஒரு குழுவாகப் போவார்கள். கூடவே ஒரு வழிகாட்டி இருப்பார். அவர் அரசின் சுற்றுலா நிறுவனத்தில் பதிவு செய்து அட்டை வாங்கியிருக்க வேண்டும். போவாஸ் எரிமலை, மேகம் தவழும் மோன்தேவெர்தே காடு, கடற்கரை என்று பல இடம் சுற்றுவார்கள். எரிமலை சீற்றம் கூடினால் பூங்காவை மூடிவிடுவார்கள். அன்றைக்கு வேறு திட்டம் கையில் வைத்திருப்பதும் வழிகாட்டியின் வேலை.

காபித் தோட்டத்தில் நாற்றங்காலில் தொடங்குவார்கள். பிறகு செடி, பழம் பறிப்பு, தோல் நீக்கும் இயந்திரம், காயப்போடும் களம், வறுக்கும் இடம் என்று வரிசையாகக் காட்டுவார்கள். 'தேன் காபி' என்று ஒன்று சொல்வார்கள். அதில் தேன் கிடையாது. தோலை நீக்கிய பிறகு கொட்டைமேல் ஒட்டியிருக்கும் இனிப்பான வழவழப்பைக் கழுவாமல் அப்படியே காயவைப்பதற்குத்தான் அந்தப் பெயர். கழுவாததால் தண்ணீரும் மிச்சம்.

கடைசியில் காபி வடித்துக் கொடுப்பார்கள். மரச்சட்டத்தில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் கீழே உள்ள பாத்திரத்தில் காபி இறங்கும். டிகாஷன் இறக்கிப் பழகிய நமக்கு அது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை. காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து வதக்கிய 'காயோ பின்தோ'. மதியம் சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், காய் எல்லாம் ஒரே தட்டில் வைத்த 'கசாதோ'. அங்கேயும் சோறுதாங்க!

ஒரு கூடையின் கணக்கு

சுற்றுலாப் பயணிகளின் இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிவிட்டு, "கொஞ்சம் பறித்துப் பாருங்கள்" என்பார்கள். பத்து நிமிடம் பறித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடிக்கூடையே மூடியிருக்காது.

நிஜமாகப் பறிப்பவருக்குக் கூலி 'கஹுவேலா' என்ற அளவில். அது 20 லிட்டர் கொள்ளும் ஒரு படி. சுமார் 12.9 கிலோ பழம் பிடிக்கும். ஒரு கஹுவேலாவுக்குக் குறைந்தது இவ்வளவு கூலி என்று அரசாங்கம் நிர்ணயம் செய்கிறது.

நாம் கணக்கு எழுதிப் பழகியவர்கள். இதையும் போட்டுப் பார்ப்போம்.

20 கஹுவேலா சேர்ந்தால் ஒரு 'ஃபனேகா'. அதாவது சுமார் 258 கிலோ பழம். தோல் நீக்கிக் காயவைத்துச் சுத்தம் செய்தால் கிடைப்பது 46 கிலோ பச்சைக் கொட்டை. அப்படியானால் ஒரு கஹுவேலா பழத்தில் 2.3 கிலோ கொட்டை. வறுக்கும்போது எடை குறைந்து ஏறக்குறைய 1.9 கிலோ நிற்கும். ஒரு கப்புக்கு 10 கிராம் தூள் என்று வைத்தால் சுமார் 190 கப் காபி!

ஒரு கூடை பழம் பறித்தவருக்குக் கிடைப்பது ஒரு கூடைக் கூலி. அதே கூடை 190 கப்பாக மாறி நகரத்துக் கடையில் விற்கும்போது வருகிற பணம் எவ்வளவு? ஒரு கப் என்ன விலை என்று நினைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள வித்தியாசம் தோல் நீக்குபவர், வறுப்பவர், பொட்டலம் போடுபவர், ஏற்றுமதி செய்பவர், கடை வைத்திருப்பவர் என்று பலருக்கும் பிரிகிறது. இதில் எத்தனை வேலையை விளைவிப்பவரே கையில் வைத்திருக்கிறாரோ, அத்தனைக்கு அவருக்கு லாபம்.

ஆலைக்காரர் விவசாயியை ஏமாற்றாமல் இருக்க அங்கே 1961-இலேயே ஒரு காபிச் சட்டம் வந்தது. ஆலை எடுக்கும் லாபத்துக்கு அது வரம்பு வைத்தது. 2000-க்குப் பிறகு பல குடும்பங்கள் தாங்களே சின்ன ஆலை வைத்துக்கொள்ளத் தொடங்கின.

இன்னொரு விஷயமும் உண்டு. அறுவடைக்கு நிகராகுவாவிலிருந்தும், பனாமாப் பக்கத்து ஙோபே பழங்குடி மக்களும் குடும்பத்தோடு வருகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிற தாய் அந்தப் பிள்ளையை எங்கே விடுவாள்? இதற்காக 2010-களில் 'மகிழ்ச்சி இல்லம்' என்ற பெயரில் குழந்தைக் காப்பகங்கள் தொடங்கினார்கள். அம்மா பறிக்கும் நேரத்தில் பிள்ளைக்கு அங்கே சாப்பாடும் பாதுகாப்பும் கிடைக்கிறது. சுற்றுலாப் பயணி இதைப் பற்றிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் காட்ட மாட்டார்கள். கேட்க வேண்டும்.

பியோலே ஊர்ப் பெண்கள்

தெற்கே, பனாமா எல்லை ஓரத்தில், லா அமிஸ்தாத் என்ற பெரிய காட்டுப் பூங்காவின் அடிவாரத்தில் பியோலே என்ற மலைக் கிராமம் இருக்கிறது. 1997-இல் அந்த ஊர்ப் பெண்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் அசோமோபி. 'பியோலேயின் அமைப்பாகத் திரண்ட பெண்கள் சங்கம்' என்பது அதன் பொருள்.

தங்கள் பகுதிக் காபியைப் பழமாக விற்றுவிடாமல், சங்கமே ஒரு சின்ன ஆலை அமைத்தது. கொட்டையாக்கி, வறுத்து, தங்கள் மலையின் பெயரிலேயே விற்றார்கள். அதோடு ஒரு சிறிய தங்கும் விடுதியும் கட்டினார்கள். வருகிறவர்கள் அங்கே தங்கலாம், சாப்பிடலாம், ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம், காட்டுக்கும் போகலாம்.

இதில் பாருங்கள்: பழம், ஆலை, வறுவல், பொட்டலம், சாப்பாடு, படுக்கை, கதை சொல்வது என்று ஏழு வேலை ஒரே ஊருக்குள் நிற்கிறது. தோட்டத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நகரத்து ஓட்டலுக்குத் திரும்பிவிட்டால் ஊருக்கு மிஞ்சுவது நுழைவுச் சீட்டுக் காசு மட்டும்தான்.

இப்படி ஊர்ச் சங்கங்களும் கூட்டுறவுகளும் நடத்தும் சுற்றுலாவை ஊக்குவிக்க 2009-இல் அந்த நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது கோஸ்டாரிகா தன் எல்லையை வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடியது. ஆகஸ்டில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. விருந்தாளியை மட்டும் நம்பியிருந்தவர் வருமானம் நின்றுபோனது. காபிச் செடி வைத்திருந்தவருக்குச் செடி இருந்தது. எனவே சுற்றுலா துணைத் தொழிலாக இருக்கட்டும். கைத்தொழிலை விட்டுவிடக் கூடாது.

முதல் தடவை போகிறவர் கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளையோ உறவினரோ வெளிநாட்டில் வேலை பார்த்து, இப்படி ஒரு பயணம் போகலாம். அவர்களிடம் சொல்லுங்கள்:

1. கட்டணத்தில் எது எது அடக்கம்? சாப்பாடு, நுழைவுச் சீட்டு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும். அங்கே உணவகங்களில் 13 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் உண்டு.

2. எந்த மாதம்? நடுப்பகுதி மலைகளில் பழம் பறிப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். பறிப்பு முடிந்தபின் போனால் வெறும் செடியைத்தான் பார்க்கலாம்.

3. வழிகாட்டியிடம் பதிவு அட்டை இருக்கிறதா?

4. எத்தனை இரவு கிராமத்தில் தங்குகிறோம்? அந்த விடுதி யாருடையது?

5. போட்டோ எடுக்கும் முன் பறிக்கிறவரிடம் அனுமதி கேட்பார்களா?

மலையில் இரவு குளிரும். ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, வழுக்காத செருப்பு அவசியம். பல இடங்களில் கழிவறைக் காகிதத்தைத் தொட்டிக்குள் போடக் கூடாது, பக்கத்தில் உள்ள கூடையில் போட வேண்டும். யாரைப் பார்த்தாலும் 'பூரா விதா' என்பார்கள். வணக்கம், நன்றி, நல்லா இருக்கேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, கீழே உள்ள கேள்விகளைக் கேட்கவும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும்.

• நம் ஊரில் விளையும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மஞ்சளோ, புளியோ, நிலக்கடலையோ. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்துக் குழுக்களுக்குக் காபியே இருக்கிறது. அதை விற்கும் விலைக்கும் கடைசியில் வாங்குபவர் கொடுக்கும் விலைக்கும் இடையில் எத்தனை கை? அதில் எந்த வேலையை நம் குழு எடுக்கலாம்?

• வெளியூர்க் குழு நம்மைப் பார்க்க வந்தால் சாப்பாடு யார் சமைப்பது? அந்தச் செலவும் வரவும் குழுக் கணக்கில் வருகிறதா, அல்லது ஒருவர் தலையில் விழுகிறதா?

• நம் தொழிலைப் பற்றி வருகிறவருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடிய உறுப்பினர் யார்? அவர் ஒருவர்தானா? இன்னும் இரண்டு பேரைத் தயார் செய்ய முடியுமா?

• நம் குழுவில் அதிகம் உழைத்தும் வருகிறவர் கண்ணில் படாதவர் யார்? அவர் பெயரையும் சொல்லி அறிமுகம் செய்கிறோமா?

அடுத்த முறை நாம் கண்டுணர் சுற்றுலா போகும்போதும் இதே கேள்விகளை அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்போம். அவர்கள் செய்த பொருளில் ஒன்றையாவது காசு கொடுத்து வாங்கி வருவோம்.