ஏடிஎம்மை நம்பாமல் துவாலு போய்வர: அக்காவின் பணக் கணக்கு

துவாலு போகத் திட்டம் போடுகிற தங்கச்சி, விமான டிக்கெட் எடுத்த கையோடு பணக் கணக்கையும் போட்டுவிடு. பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்ந்தும் 26 சதுர கிலோமீட்டர், சுமார் 11,000 மக்கள். அவ்வளவுதான் அந்த நாடு. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ‘நேஷனல் பேங்க் ஆஃப் துவாலு’ என்கிற வங்கி இருக்கிறது. அந்த நாட்டுக்கு முதல் ஏடிஎம் வந்ததே 2025 ஏப்ரலில்தான். அதிலும் தொடக்கத்தில் அந்த வங்கியே கொடுக்கிற ப்ரீபெய்டு கார்டுகளுக்குத்தான் வழி. நீ போகிற நேரத்தில் வெளிநாட்டுக் கார்டையும் ஏற்றுக்கொண்டால் நல்லது. ஆனால் அதை நம்பிக் கிளம்பாதே.

நம் ஊரில் இளநீர் வண்டியில்கூட க்யூஆர் கோடு தொங்குகிறது. அந்தப் பழக்கத்தில் வெறுங்கையோடு வெளியே போகிறவர்கள் நாம். ஃபுனாஃபுட்டியில் யுபிஐ கிடையாது. பெரும்பாலான இடங்களில் ரொக்கம்தான். உன்னிடம் காசு தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த ஊர்க்காரர்கள் உன்னைப் பட்டினி போட மாட்டார்கள். அதனாலேயேதான் தீர விடக் கூடாது என்கிறேன். அரிசியிலிருந்து பெட்ரோல் வரை கப்பலில் வந்து இறங்குகிற ஊர் அது. அவர்கள் அளந்து வைத்திருப்பதில் பங்கு கேட்கிற நிலைமை விருந்தாளிக்கு வரக் கூடாது. இந்தக் குறிப்புகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. ‘டாலர்’ என்றால் ஆஸ்திரேலிய டாலர்

துவாலுவுக்கென்று தனி நோட்டு இல்லை. ஆஸ்திரேலிய டாலர் நோட்டுகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. 1976 முதல் சொந்தமாக நாணயங்கள் மட்டும் வெளியிட்டார்கள். அவை ஆஸ்திரேலிய நாணயங்களுக்குச் சமமான மதிப்போடு கடைகளில் கலந்து வரும். வெளிநாடு என்றதும் அமெரிக்க டாலர் வாங்கிவிடுவது பலருக்கும் பழக்கம். அதை இங்கே செய்தால் மாற்றுவதற்காக வங்கி வாசலில் நிற்க வேண்டியிருக்கும், மாற்று விகிதத்திலும் நஷ்டம். நேராக ஆஸ்திரேலிய டாலரே வாங்கு.

நோட்டின் நிறங்களைக் கிளம்பும் முன்பே பழகிக்கொள்: 10 நீலம், 20 சிவப்பு, 50 மஞ்சள், 100 பச்சை. எல்லாம் பாலிமர் நோட்டுகள். மழையில் நனைந்தாலும் கெடாது. சூட்டில்தான் சுருங்கும்.

2. எவ்வளவு வேண்டும்? விடுதிக்கு எழுதிக் கேள்

இணையத்தில் யாரோ போட்ட பழைய செலவுப் பட்டியலை நம்பாதே. தங்கப்போகிற விடுதிக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி இவற்றைக் கேள்:

• ஓர் இரவுக்கு எவ்வளவு? காலை உணவு அதில் சேர்ந்ததா?
• வாடகையை முன்கூட்டியே வங்கி வழியாக அனுப்ப முடியுமா, நேரில் ரொக்கமாகத்தான் தர வேண்டுமா?
• மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா? ஒரு நாளைக்கு எவ்வளவு? முன்பணம் கேட்பார்களா?
• ஒரு வேளைச் சாப்பாடு வெளியே என்ன விலை?
• விமான நிலையத்தில் புறப்பாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டுமா?

பதில் வந்ததும் ஒரு நாள் செலவை எழுது. உனக்கு 150 டாலர் என்று கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள். ஐந்து நாளுக்கு 750. அதோடு மூன்று நாள் செலவை உபரியாகச் சேர்: 450. மருந்து, டாக்டர், எதிர்பாராத பயணம் என்று 200. மொத்தம் 1,400 டாலர். உன் எண்கள் வேறாக இருக்கலாம், முறை இதுதான்.

அந்த மூன்று நாள் உபரியை மட்டும் சிக்கனம் என்று சொல்லிக் குறைத்துவிடாதே. பிஜியின் சுவா நகருக்கு அருகிலுள்ள நௌசோரி விமான நிலையத்திலிருந்து வாரத்தில் சில நாட்கள்தான் ஃபுனாஃபுட்டிக்கு விமானம். வானிலை கெட்டு ஒரு விமானம் ரத்தானால் அடுத்த விமானம் வரும்வரை நீ அங்கேதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அப்போது போனால் உபரியை ஐந்து நாளாக வைத்துக்கொள். கப்பலேறி வைட்டுப்பு, நானுமேயா மாதிரி வெளித்தீவுகளுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். கப்பல் திரும்புகிற தேதி மாறிக்கொண்டே இருக்கும்.

3. பணத்தை ஊரிலேயே மாற்றிவிடு

ஆஸ்திரேலிய டாலர் சென்னை, கோவை, மதுரை, திருச்சி எங்கும் கிடைக்கும். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் மட்டும் வாங்கு. இரண்டு மூன்று இடங்களில் விகிதம் விசாரித்துவிட்டுப் போ. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல் கையில் இருக்கட்டும்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள் சில. ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வாங்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபாரெக்ஸ் கார்டு போன்ற வழிகளில்தான். வாங்குகிற தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கமாகத் தர முடியாது, வங்கிக் கணக்கிலிருந்து கொடு. இந்திய ரூபாய் 25,000 வரை கையோடு கொண்டுபோகலாம். திரும்பி வந்து வீடு போய்ச் சேர ஆட்டோ, டாக்ஸிக்கு ஆகிற அளவு இருந்தாலே போதும். மாற்றியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்து. மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

4. சின்ன நோட்டாகக் கேட்டு வாங்கு

கேட்காவிட்டால் உன் கைக்கு 100-ம் 50-ம்தான் வரும். இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து 5, 10, 20 நோட்டுகளாகப் பாதிப் பணத்தையாவது வாங்கு. விடுதி வாடகை போன்ற பெரிய செலவுக்குத்தான் பெரிய நோட்டு. சின்னக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு 100 டாலரை நீட்டினால், அந்தக் கடைக்காரரின் அன்றைய சில்லறை முழுவதும் உன் பைக்கு வந்துவிடும். அடுத்து வருகிறவருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. சில்லறை கொண்டுபோவதும் அந்த ஊருக்கு நாம் செய்கிற மரியாதை.

5. பிஜிக்கு ஒரு பர்ஸ், துவாலுவுக்கு ஒரு பர்ஸ்

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூர் வழியாக பிஜியின் நாடி நகரில் இறங்கி, அங்கிருந்து சுவா போய் விமானம் மாறலாம். வழியில் ஓரிரு இரவு பிஜியில் தங்க நேரும். அங்கே பிஜி டாலர்; ஏடிஎம், கார்டு எல்லாம் நன்றாக வேலை செய்யும். எனவே பிஜி செலவைக் கார்டிலேயே முடித்துக்கொள். துவாலுவுக்காக வைத்திருக்கிற ஆஸ்திரேலிய நோட்டை பிஜியில் உடைக்காதே.

‘அங்கே போய் ஏடிஎம்மில் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று நினைத்தால் ரூபாயிலிருந்து பிஜி டாலர், பிஜி டாலரிலிருந்து ஆஸ்திரேலிய டாலர் என்று இரண்டு தடவை நஷ்டம். அந்த வழி அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஒன்று ஞாபகம் வை: கையிருப்பு குறைவாகத் தெரிந்தால் சரிசெய்ய பிஜிதான் கடைசி இடம்.

இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே ஆப்பில் திறந்துவிட வேண்டும். அதை வீட்டில் இருக்கும்போதே செய். நம் சிம் எல்லா இடத்திலும் ரோமிங்கில் எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஓடிபி வராவிட்டால் ஆப்பைத் திறந்தும் பயனில்லை.

6. மொத்தப் பணமும் ஒரே இடத்தில் வேண்டாம்

மூன்றாகப் பிரி. அன்றாடச் செலவுக்குக் கைப்பர்ஸ். பெரிய தொகை, இடுப்பில் கட்டுகிற உள்பையில். அவசரத் தொகை, பாஸ்போர்ட் நகலோடு தனி உறையில். பெட்டிக்குள் பணம் வைத்து விமானத்தில் போடவே போடாதே. நௌசோரியிலிருந்து போவது சின்ன விமானம். எடை கூடினால் சில பெட்டிகளை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவைப்பதுண்டு. பெட்டி பின்னால் வரலாம், பணம் உன்னோடுதான் வர வேண்டும்.

7. இறங்கிய முதல் நாள் செய்ய வேண்டியது

முதல் வேலையாக விடுதி வாடகை மொத்தத்தையும் கொடுத்து ரசீது வாங்கிவிடு. தலைக்கு மேல் கூரை உறுதி. கையில் மிஞ்சுவதுதான் உண்மையான செலவுப் பணம். அதை நாள் வாரியாகப் பிரித்து, தினமும் இரவில் ஒரு வரி எழுதி வை.

வங்கி வார நாட்களில் மட்டும், அதுவும் குறைந்த நேரமே திறந்திருக்கும். மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் ஓய்வுக்கும் உரிய நாள், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே தண்ணீர், பிஸ்கட், பழம் வாங்கி வை.

8. எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது

தலைநகர் இருக்கிற ஃபோங்கஃபாலே தீவில் பல இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். தினமும் மோட்டார் சைக்கிள் எடுக்காமல் ஒரே நாள் எடுத்துத் தீவின் இரு முனைகளையும் பார்த்துவிடு. 1996-ல் அமைக்கப்பட்ட ஃபுனாஃபுட்டி பாதுகாப்புப் பகுதிக்குப் படகில் போக ஆசைப்படுவாய், போகத்தான் வேண்டும். ஆனால் எரிபொருள் விலையால் படகுச் செலவு கூடும். விடுதியில் இருக்கிற மற்றவர்களோடு சேர்ந்து பேசி, ஒரு படகின் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அனுமதிக் கட்டணம் உண்டா என்று ‘கௌப்புலே’ எனப்படும் தீவு மன்ற அலுவலகத்தில் விசாரித்துவிடு.

டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. கடைகளில் பேரமும் வேண்டாம். கப்பல் கட்டணம் சுமந்து வந்த விலை அது. பெண்கள் முடைந்த விசிறி, சிப்பி மாலை போன்றவற்றை வாங்கும்போது கேட்ட விலையைக் கொடு. உழைத்தவர் கைக்கே போகிற பணம். இதற்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வைத்தால் கடைசி நாளில் கையைக் கடிக்காது.

9. அவசரத்துக்கு வீட்டில் ஓர் ஆள்

உன்னால் அங்கிருந்து பணம் அனுப்பவோ டிக்கெட் மாற்றவோ முடியாமல் போகலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் டிக்கெட் எண், பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு விவரம், விடுதி எண் எல்லாம் கொடுத்துவிட்டுப் போ. தேவைப்பட்டால் அவர் இங்கிருந்தே கட்டணம் செலுத்துவார். துவாலு நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 10 மணி என்றால் இங்கே விடியற்காலை 3.30. நம் வங்கி நேரத்தில் பேச வேண்டுமென்றால் அங்கே மாலை வரை பொறுக்க வேண்டும்.

பயணக் காப்பீடு கட்டாயம் எடு. அங்கே இருப்பது ஒரே மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டிவரும். அந்தச் செலவையும் ஏற்கிற பாலிசியா என்று படித்துப் பார். சின்ன மருத்துவச் செலவுக்கு நீ வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வை. சுவாவிலுள்ள இந்தியத் தூதரகம்தான் துவாலுவுக்கும் பொறுப்பு. அதன் எண்ணை போனில் மட்டுமல்லாமல் தாளிலும் எழுதி வை.

10. மிச்சம் இருந்தால்

துவாலு நாணயங்களை அங்கேயே தீர்த்துவிடு. ஆஸ்திரேலியாவில்கூட அவை செல்லாது. நம் ஊர் மாற்றுநர்களோ எந்த நாட்டு நாணயத்தையும் பொதுவாக வாங்க மாட்டார்கள். துவாலு அஞ்சல்தலைகளுக்குப் பேர்பெற்ற நாடு. சில்லறையை அதில் செலவழிக்கலாம். பிஜி சில்லறை மிஞ்சினால் நாடியில் நம் தென்னிந்திய வம்சாவளியினர் நடத்தும் சிவசுப்பிரமணியர் கோயில் உண்டியல் இருக்கிறது.

நோட்டாக மிஞ்சியதில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு தடவை சரிபார்:

• ஆஸ்திரேலிய டாலர், பாதியாவது சின்ன நோட்டு
• உபரி நாட்களுக்கான தொகை தனியாக
• மூன்று இடங்களில் பிரித்த பணம், எதுவும் பெட்டியில் இல்லை
• வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த இரண்டு கார்டு, பிஜிக்கு
• நாணய மாற்று ரசீது, காப்பீடு, தூதரக எண்
• வீட்டில் ஒருவரிடம் எல்லா நகலும்

உபரிப் பணம் செலவாகாமல் அப்படியே திரும்பி வந்தால் வீணாகச் சுமந்தோமே என்று நினைக்காதே. விமானம் ரத்தானாலும் யாரிடமும் கைநீட்டாமல் இருக்கலாம் என்ற தைரியத்தை நாள் முழுக்கக் கொடுத்தது அதுதான். அந்தத் தைரியம் இருந்தால்தான் கடலையும் மனிதர்களையும் நிம்மதியாகப் பார்க்க முடியும். நல்லபடியாகப் போய்வா, தங்கச்சி.