ஏற்றம் சொல்லும் கணக்கு

கினிகத்தேனைப் பக்கம் சைக்கிள் மிதிக்கிற ஒருவர் நெடுந்தூர ட்ரையத்லனுக்குப் பெயர் கொடுக்க நினைத்ததும் முதலில் கேட்பது, “90 கிலோமீற்றரை எத்தனை மணித்தியாலத்தில் முடிக்கலாம்?” என்பதுதான். கேள்வியில் பிழையில்லை, பதில் தேடுகிற வழியில்தான் பிழை. கைபேசிச் செயலியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைச் சவாரியின் சராசரி வேகத்தை எடுத்து, தூரத்தை அதனால் வகுத்துப் பார்க்கிறார்கள். மலைநாட்டில் பயிற்சி செய்பவருக்கு அந்தச் சராசரியைப் போல ஏமாற்றுகிற எண் வேறில்லை என்பது என் வாதம். எவ்வளவு உயரத்தை எவ்வளவு நேரத்தில் ஏறுகிறோம் என்பதே இங்கு நம்பத்தக்க அளவு. அதிலிருந்து நம் முயற்சியை அளக்கலாம், முயற்சியிலிருந்து நேரத்தைக் கணிக்கலாம். போட்டியன்று காப்பாற்ற வேண்டியதும் முயற்சியைத்தான், நேரத்தை அல்ல.

சராசரி எப்படி ஏமாற்றுகிறது என்று பாருங்கள். 20 கிலோமீற்றர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறி, அதே 20 கிலோமீற்றரை 40இல் இறங்குகிறோம் என்று வைப்போம். மனம் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 25 என்று சொல்லிவிடும். ஆனால் ஏற 2 மணித்தியாலம், இறங்க அரை மணித்தியாலம் என்றால் உண்மையான சராசரி 16தான். அந்த 16ஐ நம்புகிறவர் 90 கிலோமீற்றருக்கு ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் போகும் என்று பயந்து பெயரே கொடுக்கமாட்டார். அதே கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இறக்கத்தில் துணிந்து 40ஐ 50 ஆக்கினால் மிச்சப்படுவது 6 நிமிடம். ஏற்றத்தில் 10ஐ 11 ஆக்கினாலே 11 நிமிடம் மிச்சம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை கொட்டுகிற மேற்குச் சரிவு இது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வீதி காய்வதே அரிது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் ஓரிரு சுற்று பிடிக்காமல் வழுக்கும், பிறகு மண்ணோடு சேர்ந்து கரகரவென்று அரைக்கும். அடுத்த வளைவில் பாதி வீதியை அடைத்துக்கொண்டு பஸ் ஏறி வரும். அந்த 6 நிமிடத்துக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

ஏற்றம் ஏன் நல்ல அளவுகோல்? மெதுவாகப் போகும்போது காற்றின் தடை மிகச் சிறியது. காலிலிருந்து போகிற பலத்தில் பெரும்பகுதி உடலையும் சைக்கிளையும் உயரத்துக்குத் தூக்கவே செலவாகிறது. ஆகவே பவர் மீற்றர் வாங்க வசதியில்லாதவருக்கும் சாதாரண தரப் பௌதிகம் போதும். ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையை 9.8ஆல் பெருக்கி, ஏறிய உயரத்தாலும் பெருக்கி, எடுத்த விநாடிகளால் வகுத்தால் வாட் கணக்கு வந்துவிடும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறி வருகிற ஏ7 வீதியிலோ, வட்டவளை ஊடாக ஹட்டனுக்குப் போகிற அதன் மேற்பகுதியிலோ, நடுவில் இறக்கமில்லாத ஒரு துண்டைத் தெரிவுசெய்யுங்கள். தொடக்கமும் முடிவும் மாறாத அடையாளங்களாக இருக்கட்டும், பாலமோ கோயிலோ கிலோமீற்றர் கல்லோ எதுவானாலும் சரி. இரண்டுக்கும் இடையிலான உயரத்தை வரைபடத்தில் ஒரு தடவை சரியாகப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80 கிலோ எடையுள்ள ஒருவர் 400 மீற்றர் உயரத்தை 30 நிமிடத்தில், தன்னால் முடிந்த அளவு சீராக ஏறினால், தூக்குவதற்கு மட்டும் 174 வாட் ஆகிறது. டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் 10 முதல் 15 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 191 முதல் 200 வரும். அரை மணித்தியாலம் தாங்குகிற பலத்தை ஒரு மணித்தியாலம் தாங்க முடியாது என்பதால் 190 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த 190ஐ வைத்துத்தான் போட்டியைக் கணிக்க வேண்டும். 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதன்முதலாக நடந்த அயன்மேன் 70.3ஐ எடுத்துக்கொள்வோம்: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். சைக்கிள் பாதை நகரத்துச் சமதளம். இந்தத் தூரத்துக்கு முதல் தடவை போகிறவர் ஒரு மணித்தியாலப் பலத்தில் 75 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அப்படியானால் 140 முதல் 145 வாட். காற்றில்லாத சமதளத்தில், கைகளைத் தாழ்த்திப் பிடித்து உடம்பைக் குனிந்து மிதித்தால் அது மணிக்கு 30 கிலோமீற்றரை ஒட்டி வரும். அதாவது 3 மணித்தியாலம். திருப்பங்கள், எதிர்க்காற்று, தண்ணீர் எடுக்கிற இடங்கள், ஒரு டயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 மணி 5 நிமிடம் முதல் 3 மணி 20 நிமிடம் வரை என்று எழுதிவையுங்கள். ஒற்றை எண்ணாக எழுதாமல் இடைவெளியாக எழுதுவது முக்கியம், காரணம் பின்னால் வருகிறது. முழு அயன்மேன் தூரமான 180 கிலோமீற்றருக்கு அதே ஆள் 65 முதல் 70 சதவீதத்தோடு நிற்க வேண்டும். அது ஏறத்தாழ 125 முதல் 130 வாட். 6 மணி 20 நிமிடத்துக்கும் 7 மணித்தியாலத்துக்கும் இடையில் வரும்.

இவ்வளவு குறைவாகவா என்று கேட்கத் தோன்றும். கூட மிதித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். சமதளத்தில் காற்றை வெல்லத் தேவையான பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதனால் 140 வாட்டை 154 ஆக்கினால், பத்து சதவீதம் கூடுதல் உழைப்புக்கு, வேகம் 30இலிருந்து ஏறத்தாழ முப்பத்தொன்றுக்குத்தான் போகும். 90 கிலோமீற்றரில் 6 நிமிடம் மிச்சம். மறுபக்கத்தில், உடம்பு சேமித்துவைத்திருக்கிற மாச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். முயற்சி கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாச்சத்தை எரிக்கத் தொடங்கும். அது தீர்ந்துபோய், ஓட்டத்தில் கடைசி 8 கிலோமீற்றரைக் கிலோமீற்றருக்கு 7 நிமிடத்துக்குப் பதிலாக 10 நிமிடம் எடுத்து நடந்தால் 24 நிமிடம் போய்விடும். தோட்டத்தில் வாங்குகிற தீபாவளி முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடுவதைப் போல, சைக்கிளில் வாங்கிய 6 நிமிடத்தை ஓட்டம் பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்த முற்பணத்துக்கு வட்டியும் உண்டு.

வல்லவர்கள் சைக்கிளில் அடித்துத்தானே முன்னுக்கு வருகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. அவர்களையே சாட்சிக்கு அழைக்கலாம். பிரான்ஸின் சாம் லெய்ட்லோ 2023இல் நீஸ் நகரில் அயன்மேன் உலகப் பட்டத்தை வென்றபோது மலைப்பாதையில் சைக்கிளுக்கு 4 மணி 31 நிமிடம் எடுத்தார். 2024இல் ஹவாயின் கோனாவில் 4 மணித்தியாலத்துக்குள் முடித்துச் சாதனை படைத்தார். ஆனால் அன்றைய ஓட்டத்தில் அவரால் முதல் பத்து இடங்களுக்குள்கூட நிற்க முடியவில்லை. மெதுவான நேரம் வென்றது, வேகமான நேரம் தோற்றது என்று இதைப் படிக்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு பாதைகள். சைக்கிள் நேரம் தனியாக எதையும் சொல்வதில்லை என்பதே இதன் பொருள். 1978இல் ஹவாயின் ஓவாகு தீவில் 15 பேரோடு தொடங்கிய முதல் அயன்மேனிலும் சைக்கிளை விட்டு இறங்கும்போது முன்னால் இருந்தவர் ஜோன் டன்பார். ஓட்டத்தில் அவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோக, வென்றவர் கோர்டன் ஹாலர். உலகத்தரத்துக் கால்களுக்கே இந்தக் கணக்கு இப்படிப் பிசகுமானால் முதல் தடவை போகிறவர் எச்சரிக்கையாக இருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மூன்றாவது மறுப்பு நம் ஊருக்கே உரியது: ஹட்டன் ஏற்றத்தில் பழகிய காலுக்குக் கொழும்புச் சமதளம் ஒரு பொருட்டா? பலத்தைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் மலைச் சவாரியில் ஏற்றத்துக்குப் பிறகு இறக்கம் வரும், கால் சும்மா இருக்கும். சமதளத்தில் 3 மணித்தியாலமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் கழுத்தும் இடுப்பும் ஒரே குனிவில் நின்றபடி. சாப்பாட்டிலும் நமக்கு ஒரு குறை உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் வாயில் எதுவும் போடமுடியாது, இறக்கத்தில் இரண்டு கைகளும் பிரேக்கில். ஆகவே மிதித்தபடியே சாப்பிட்டுப் பழகியவர் இங்கு குறைவு. வெப்பமும் சேரும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது, கொழும்பில் 27ஐத் தாண்டும். அந்தப் புழுக்கத்தில் அதே பலத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். எனவே மாதத்தில் ஓரிரு தடவையாவது அவிசாவளைக்குக் கீழே இறங்கி, வெயில் ஏறிய நேரத்தில், கால் நிறுத்தாமல் 2 மணித்தியாலம் மிதித்துப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டுப் பழகுங்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு மாச்சத்து இருக்கிறது. மணிக்கு 50, 60 கிராம் என்ற இலக்குக்கு வாழைப்பழமும் கித்துல் கருப்பட்டியும் உப்புச் சேர்த்த இனிப்புத் தண்ணீர்ப் போத்தலும் போதும்.

நிதானமாகப் போனால் நேரவரம்பில் வெட்டிவிடுவார்களே என்ற பயத்துக்கும் எண்ணாலேயே பதில் சொல்லலாம். 70.3 போட்டிகளில் பொதுவாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடமும், தொடக்கத்திலிருந்து சைக்கிள் முடிய 5 மணி 30 நிமிடமும் கொடுக்கிறார்கள். நீச்சலில் கடைசி ஆளாக வந்து, உடை மாற்ற 10 நிமிடம் எடுத்தாலும் சைக்கிளுக்கு 4 மணி 10 நிமிடம் இருக்கிறது. மணிக்கு 22 கிலோமீற்றர் போதும். முன்சொன்ன ஏற்றத்தில் 30 நிமிடத்தில் 265 மீற்றர் மட்டுமே ஏறக்கூடியவர்கூட 75 சதவீதத்தில் சமதளத்தில் 25இல் போவார். கணக்கு 22க்குக் கீழே வருகிறதென்றால் போட்டியன்று அடித்து மிதிப்பது மருந்தாகாது. இன்னும் சில மாதம் பயிற்சி செய்துவிட்டுப் பெயர் கொடுப்பதே சரி.

போட்டியன்று செய்ய வேண்டியவை இதிலிருந்தே வருகின்றன. நீச்சல் முடிந்து ஏறியதும் இதயம் படபடக்கும், கால் லேசாக இருக்கும், பக்கத்தில் ஆட்கள் பறப்பார்கள். முதல் 20 நிமிடம் திட்டத்துக்குக் கீழேயே மிதியுங்கள். மீற்றர் இல்லாவிட்டால் பேச்சுதான் அளவு: மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிய வேண்டும். எதிர்க்காற்றில் வேகம் 26க்கு இறங்கினால் இறங்கட்டும், அந்த 30ஐத் திரும்பப் பிடிக்கப் போகாதீர்கள். நேரத்தை இடைவெளியாக எழுதச் சொன்னது இதற்காகத்தான்: ஒற்றை எண் துரத்தச் சொல்லும், இடைவெளி பொறுத்துக்கொள்ளும். ஏற்றமுள்ள பாதையாக இருந்தால் ஏற்றத்தில் பத்து சதவீதம் வரை கூட்டி, இறக்கத்தில் அதை விட்டுவிடலாம், அதற்குமேல் வேண்டாம். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவது விதிப்படி குற்றம். ஆகவே நண்பர்களோடு கூட்டமாகப் போன சவாரியின் வேகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசி 10 கிலோமீற்றரில் கியரை இலேசாக்கிக் காலைச் சுழலவிடுங்கள்.

நேர இலக்கே இல்லாமல் போட்டி எதற்கு என்று இன்னும் கேட்பவருக்கு என் பதில் இது: இலக்கு வையுங்கள், அதை ஓட்டத்தின் கடைசி 5 கிலோமீற்றரில் வையுங்கள். முதல் 5 கிலோமீற்றரை ஓடிய வேகத்தில் அதையும் ஓட முடிந்தால் சைக்கிள் கணக்குச் சரி. தெம்பு மிஞ்சியிருந்தால் அடுத்த போட்டிக்கு 75ஐ 78 ஆக்கலாம். நடக்க வேண்டிவந்தால், சாப்பாடும் வெயிலும் காரணமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, 72 ஆக்கலாம். இரண்டாவது போட்டிக்கு இப்படித் திருத்துவதற்கு ஓர் எண் கையில் இருப்பதே முதல் போட்டியின் பெரிய வரவு. அடித்து மிதித்து இடையில் விழுந்தவருக்கு அந்த எண் கிடைப்பதில்லை.